மறைக்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்



ரமணாசிரமத்தை ஒட்டிய தெரு ஒன்றில் பல ஆண்டுகளாக நாம் வாடகைக்குக் குடியிருந்து வருகிறோம். நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸா ஊருக்குள் இருக்கிறது. பௌர்ணமி இரவுகளில் செங்கம் சாலையில் வாகனம் ஓடாது. மலையைச் சுற்றிப் 14 கிலோமீட்டர் நடக்க வந்த மக்கள் சாலையை நிறைத்துக்கொண்டு செல்வார்கள். இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பும் நாமும் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே வர வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு இரவில், நம்மிடம் சிறுவயதில் ஓதிய ஓர் இளைஞர் நம்மைப் பின்தொடர்ந்து வந்தார். (அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். எழுதுவதற்கு அவருடைய சம்மதத்தையும் பெற்றிருக்கிறோம்.) வெளியூரில் வேலை. இன்னும் ஆறு வாரத்தில் நிகாஹ். பத்திரிகை அச்சாகிவிட்டது.

“ஹஜ்ரத், கொஞ்சம் தனியா பேசணும்” என்றார்.

வீட்டுக்கு அழைத்தோம். மறுத்துவிட்டார். “இங்கேயே நடந்துக்கிட்டே பேசலாம் ஹஜ்ரத். இவ்வளவு பேர் இருக்கிற இடத்துல யாரும் யாரையும் கவனிக்க மாட்டாங்க.”

அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். வேலை செய்த ஊரில் ஒரு பெண்ணோடு பழக்கம் ஏற்பட்டு, எல்லை மீறிவிட்டார். பிறகு மனம் வருந்தித் தவ்பா செய்து, அந்த உறவை முறித்துக்கொண்டார். சில வாரங்களில் மறைவிடத்தில் ஒரு புண் தோன்றியது. வலி இல்லை. ஊருக்கு வந்திருந்தபோது அம்மா பிடிவாதமாக ஒரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர், பக்கத்தில் அம்மா அமர்ந்திருக்க, “ஏதாவது பழக்கம் உண்டா தம்பி?” என்று கேட்டார். “அல்லாஹ்மேல சத்தியமா இல்லை” என்று இவர் சொல்லிவிட்டார். களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். புண்ணும் ஒரு மாதத்தில் தானாக ஆறிவிட்டது.

“ஆறிடுச்சு. ஆனா மனசு ஆறல. நான் இதை அத்தாகிட்ட சொல்லணுமா? வரப்போற பொண்ணுகிட்ட சொல்லணுமா? யார்கிட்டயும் சொல்லாம விட்டுடலாமா?”

இருபது ஆண்டுகளாக ஓதிக்கொடுக்கும் நம்மிடம் அந்த இரவில் உடனடி விடை இல்லை. அதைவிடவும் ஓர் உறுத்தல் இருந்தது. மருத்துவரிடம் பொய் சொன்ன அந்த இளைஞரைக் கடிந்துகொள்ளும் தகுதி நமக்கு இல்லை.

நமக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் குழந்தை இல்லை. மருத்துவரிடம் சென்றபோது நம் தாயாரும் உடன் வந்திருந்தார். தாம்பத்தியம் குறித்து மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டோம். சரியாக இல்லை என்பது நமக்குத் தெரியும். நம் வீட்டாருக்கும் தெரியும். ஆனால் மாமியார் முன்னிலையில் கணவனின் சொல்லை மறுத்துப் பேச அவர் என்ன செய்வார்? அதன்பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், குழாய்ப் பரிசோதனை என்று அத்தனையும் அவர் உடம்பின்மீதே நடந்தன. உறவினர்களின் குத்தல் பேச்சும் அவருக்கே கிடைத்தது. கடைசியில் நாம் தனியாகச் சென்று வேறொரு மருத்துவரிடம் உண்மையைச் சொன்னபோது, குறை நம்மிடம் என்பதும், எளிய சிகிச்சையில் தீரக்கூடியது என்பதும் தெரியவந்தன. இந்தப் பத்தியை எழுதுமுன் வீட்டாரிடம் கேட்டோம். “இவ்வளவு எழுதலாம், இதற்குமேல் வேண்டாம்” என்றார். அவர் வைத்த எல்லையோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பது நம் பிள்ளைகளுக்கு நாம் முதலில் கற்றுத்தரும் ஹதீஸ்களில் ஒன்று. நாம் அன்று செய்ததை வெட்கம் என்று பெயரிட்டு நம்மையே ஏமாற்றிக்கொண்டோம். நம் வெட்கத்தின் விலையை இன்னொருவர் கொடுத்தார் என்றால் அதற்கு வெட்கம் என்று பெயரில்லை, அது அநீதி.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்து மக்கள் நம்மைவிட வெட்க உணர்வு மிக்கவர்கள். அன்னை உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் வந்து, சத்தியத்தைக் கூற அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரை சொல்லிவிட்டு, உறக்கத்தில் பெண்ணுக்கு ஸ்கலிதம் ஏற்பட்டால் குளிப்பு கடமையா என்று கேட்டார்கள். நபியவர்கள் முகம் சுளிக்காமல் விடை தந்தார்கள். அன்சாரிப் பெண்களுக்கு மார்க்கத்தை அறிந்துகொள்வதில் வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்தார்கள்.

அலி (ரலி) அவர்களின் நிகழ்வு இன்னும் நுட்பமானது. இச்சை நீர் கசிவது குறித்து அவர்களுக்கு ஓர் ஐயம். கேட்க வேண்டியவரோ தம் மனைவியின் தந்தை. நேரில் கேட்க வெட்கப்பட்டார்கள். அதற்காகக் கேள்வியைக் கைவிட்டுவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. பெற்றோரிடம் நேரில் பேச நா எழவில்லையா? அது குற்றமல்ல. பேசக்கூடிய ஒருவரைத் தேடிக்கொள்வதே கடமை.

அந்த இளைஞரிடம் அன்றிரவு நாம் சொன்னது ஒன்றுதான்: முதலில் மருத்துவர், மற்றதெல்லாம் பிறகு. மறுநாள் காலை அரசு மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு நாமே உடன் சென்றோம். மருத்துவர் அறைக்குள் அவர் மட்டும் சென்றார். நாம் வெளியே மரப்பலகையில் அமர்ந்திருந்தோம்.

இம்முறை அவர் உண்மையைச் சொன்னார். இரத்தப் பரிசோதனையில் சிஃபிலிஸ் எனப்படும் மேகநோய் உறுதியானது. இந்த நோயின் முதல் புண் வலிக்காது. மருந்தில்லாமலேயே மூன்று முதல் ஆறு வாரங்களில் ஆறியும்விடும். ஆனால் கிருமி உடலுக்குள் தங்கியிருக்கும். மனைவிக்குத் தொற்றும். அவள் கருவுற்றால் கருச்சிதைவோ, குழந்தை இறந்து பிறப்பதோ நேரலாம். இத்தனைக்கும் ஆரம்ப நிலையில் இருந்தால், பென்சிலின் ஒவ்வாமை இல்லாதவருக்கு, ஒரே ஒரு பென்ஸத்தின் பென்சிலின் ஊசியே போதுமானது. அம்மாவின் முன்னால் சொன்ன ஒரு பொய், ஓர் ஊசியில் தீர வேண்டியதை ஒரு குடும்பத்தையே அழிக்கும் அளவுக்குக் கொண்டுபோக இருந்தது.

அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையும் செய்தார்கள். இல்லை என்று வந்தது. ஆனால் தொற்று ஏற்பட்ட தொடக்க வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகக்கூடும் என்பதால், மூன்று மாதம் கழித்து மீண்டும் செய்யச் சொன்னார்கள். அதுவரை நிகாஹ் வேண்டாம் என்றார் ஆலோசகர். இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பெண்ணுக்கும் தகவல் போக வேண்டும்.

“இனி அவகிட்ட பேசவே கூடாதுன்னு தவ்பா செஞ்சிருக்கேன் ஹஜ்ரத்” என்று தயங்கினார் இளைஞர்.

பாவமான உறவை முறித்துக்கொள்வது தவ்பா. ஆபத்தில் இருப்பவரை எச்சரிப்பது கடன். ஒன்று மற்றொன்றைத் தள்ளுபடி செய்யாது என்று விளக்கினோம். ஆலோசகர் முன்னிலையிலேயே தொலைபேசியில் பேசினார். மூன்று நிமிடம்தான். வியர்த்துப்போயிருந்தார்.

மருத்துவரிடம் சொன்னது வெளியே போய்விடுமோ என்ற அச்சம் அவரைப் போலவே பலருக்கும் உண்டு. எனவே சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. நோயாளியின் இரகசியத்தை மருத்துவர் காக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஒழுக்க விதிகளில் உள்ளது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவையே விலக்குகள்.

அந்த விலக்கு எவ்வளவு கடினமானது என்பதற்கு நம் மாநிலத்தில் நடந்த ஒரு நிகழ்வே சான்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள், நமக்கு அருகிலுள்ள வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், உறவினரின் அறுவை சிகிச்சைக்காக வடகிழக்கிலிருந்து சென்னைக்கு வந்த ஒருவர் இரத்த தானம் செய்தார். அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவருக்கு அந்த டிசம்பரில் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. செய்தி வெளியே கசிந்தது, திருமணம் நின்றது, ஊரை விட்டே அவர் வெளியேற நேர்ந்தது. மருத்துவமனை தம் இரகசியத்தை மீறிவிட்டது என்று வழக்குத் தொடுத்தார். பெயர்களை மறைத்து நடந்த அவ்வழக்கில் 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தரங்க உரிமை உண்டு, ஆனால் அது வரம்பற்றதல்ல, மணக்கவிருந்த பெண்ணுக்கும் நலமாக வாழும் உரிமை உண்டு என்று கூறி அவர் கோரிக்கையை ஏற்க மறுத்தது. எச்.ஐ.வி. உள்ளவரின் திருமண உரிமையைப் பற்றியும் அத்தீர்ப்பு கடுமையாகப் பேசியது. 2002-இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, அந்தப் பகுதி அவ்வழக்குக்குத் தேவையற்றது என்று விலக்கியது.

இன்றோ 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒருவருடைய நோய்நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. வாழ்க்கைத் துணைக்குக் கடும் ஆபத்து இருந்தும், ஆலோசனை வழங்கிய பின்னும் நோயாளி சொல்ல மறுத்தால், நோயாளியிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம். பெண் நோயாளி வன்முறைக்கோ கைவிடப்படுவதற்கோ ஆளாவார் என்ற அச்சம் இருந்தால் இதிலும் பாதுகாப்பு உண்டு. ஊரில் பரப்ப யாருக்கும் உரிமையில்லை.

மார்க்கத்தின் கோடும் இதற்கு அருகிலேயே ஓடுவதை நாம் காண்கிறோம். இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, விடிந்ததும் தானே அதை வெளிப்படுத்துகிறவனை நபியவர்கள் கண்டித்தார்கள். தன் சகோதரியைப் பெண் கேட்டு வந்தவரிடம் அவளுடைய பழைய பாவத்தைச் சொல்லிவிட்ட ஒருவரைக் குறித்துக் கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள், அவரை அடிக்கும் அளவுக்குச் சினந்ததாக இமாம் மாலிக்கின் முவத்தாவில் வருகிறது. தவ்பா செய்த பாவம் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ளது. அதை அத்தாவிடமோ, அம்மாவிடமோ, மணமகளிடமோ ஒப்பிக்க வேண்டியதில்லை.

ஆனால், ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவர் வறியவர், மற்றவர் பெண்களிடம் கடுமையானவர் என்று நபியவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். அது புறம்பேசுதல் ஆகாது. அவளுடைய வாழ்வைத் தொடும் செய்தி அது. ஆக, பாவம் வேறு, பாதிப்பு வேறு. பாவத்தை மறைக்கலாம், மறைக்கவும் வேண்டும். இன்னொருவர் உடலைத் தீண்டப்போகும் பாதிப்பை மறைப்பது மோசடி.

இதைத்தான் அந்த இளைஞரிடம் சொன்னோம். அவருடைய தந்தையைச் சந்திக்க நாமும் உடன் சென்றோம். “மகனுக்கு ஒரு தொற்று, சிகிச்சை நடக்கிறது, மூன்று மாதம் நிகாஹைத் தள்ளிவைக்க மருத்துவர் சொல்கிறார்” என்று கூறினோம். அதில் பொய் இல்லை. எப்படி வந்தது என்று தந்தை கேட்கவில்லை. மகனின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “ஊசி போட்டாச்சா?” என்று மட்டும் கேட்டார். துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற இறைக்கட்டளையை இவ்வளவு அழகாகப் பின்பற்றியவரை நாம் அதிகம் கண்டதில்லை.

பெண் வீட்டாரிடம் செல்வதுதான் கடினமாக இருந்தது. மணமகளின் தந்தை நேராகவே கேட்டார்: “எங்க பிள்ளைக்கு ஒட்டுற நோயா தம்பி?”

இளைஞர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் எதுவும் சொல்லவில்லை. “ஆமாங்க மாமா. மருந்து எடுத்துட்டேன். முழுசா சரியாயிடும்னு டாக்டர் சொல்றாங்க. இன்னொரு டெஸ்ட் மூணு மாசம் கழிச்சுத்தான் முடியும். அதுவரைக்கும் நிகாஹ் வேணாம். ரிப்போர்ட் எல்லாம் உங்ககிட்ட காட்டுறேன்.”

பத்து நாள் கழித்து அவர்கள் விலகிக்கொண்டார்கள். அது அவர்களுடைய உரிமை. மூன்றாம் மாதச் சோதனையும் நல்லபடியாக வந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தச் சம்பந்தம் திரும்ப வரவில்லை.

இன்றுவரை நம் நெஞ்சில் நிற்பது வேறொன்று. அந்தப் பெண்ணின் தந்தை, நிகாஹ் நின்றதற்கான காரணத்தை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஜமாஅத்தில் கேட்டவர்களிடம் “நஸீப் இல்லை” என்பதோடு முடித்துக்கொண்டார். சொல்லியிருந்தால் தம் மகள்மீது விழுந்த பேச்சுகளை அவர் துடைத்திருக்கலாம். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழியை நாம் மதரஸாவில் பலமுறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். அவர் அதைச் செய்து காட்டினார்.

இளைஞரின் தாயாருக்கு நம்மீது இன்னும் வருத்தம் உண்டு. “ஹஜ்ரத் தலையிட்டுத்தான் கல்யாணம் நின்னுது” என்று அவர் சொல்வது நம் காதுக்கும் வருகிறது. விளக்கம் சொல்ல வேண்டுமானால் அவருடைய மகனின் அமானிதத்தைத் திறக்க வேண்டும். எனவே நாம் சலாம் சொல்லிவிட்டுக் கடந்து போகிறோம். அவர் சில நாள் பதில் சொல்வார், சில நாள் சொல்லமாட்டார்.

அன்பிற்குரிய பெற்றோர்களே! ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னும் பெற்றோரின் அறைக்குள் நுழையச் சிறுபிள்ளைகளும் அனுமதி கேட்க வேண்டும் என்று சூரத்துந் நூரில் அல்லாஹ் கற்றுத்தருகிறான். வயது வந்ததும் எப்போதும் அனுமதி கேட்க வேண்டும். அந்தரங்கம் என்ற ஒன்று உண்டு என்பதைக் குழந்தைக்கு வீட்டின் கதவிலிருந்தே மார்க்கம் சொல்லிக்கொடுக்கிறது. வளர்ந்த பிள்ளை மருத்துவரிடம் செல்லும்போது, சில நிமிடமேனும் அறைக்கு வெளியே அமருங்கள். மருத்துவர் அழைத்தால் உள்ளே செல்லுங்கள். நம் தாயார் அன்று வெளியே அமர்ந்திருந்தால், நாமும் அந்த இளைஞரைப் போல இரண்டாம் முறையாவது விரைவில் உண்மை பேசியிருப்போம் என்று நினைக்கிறோம். அவர்மீது குறையில்லை, அன்பினால் வந்தார். வெளியே இருக்கச் சொல்ல நமக்குத்தான் துணிவு வரவில்லை.

பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களை யாரேனும் தவறாகத் தீண்டினால், அது மறைக்க வேண்டிய பாவமல்ல. பிள்ளைக்கு இழைக்கப்பட்ட குற்றம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மருத்துவரும் விலக்கல்ல. ஆசிரியரோ, உறவினரோ, ஹஜ்ரத்தோ, யார் செய்திருந்தாலும் “குடும்ப மானம்” என்று அதை மூடாதீர்கள். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்து கொடுங்கள். நம் மதரஸாவின் சுவரிலும் அதை எழுதிவைத்திருக்கிறோம்.

அன்பிற்குரிய இளைஞர்களே! பெற்றோரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர்களிடம் பொய்ச் சத்தியம் செய்யாதீர்கள். துணையிடம் பழங்கதை வேண்டாம். அவரைத் தீண்டும் ஆபத்து எதையும் மறைக்காதீர்கள். நிகாஹுக்குப் பின் துணையின் அந்தரங்கத்தை நண்பர்களிடம் பேசுவது, மறுமையில் மிகக் கெட்டவர்களோடு சேர்க்கும் செயல் என்பதையும் மறவாதீர்கள். மருத்துவரிடம் மட்டும் முழுவதையும் சொல்லுங்கள். அம்மா பக்கத்தில் இருந்தால், “அம்மா, கொஞ்ச நேரம் வெளியே இருங்க” என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரியாமல் நாம் இரண்டு ஆண்டுகளை இழந்தோம்.

இப்போது நம் மதரஸாவில் பெரிய மாணவர்களுக்குக் கடமையான குளிப்பின் பாடம் நடக்கும் நாளில், கிதாபை மூடியபின் பத்து நிமிடம் ஒதுக்குகிறோம். பெயரெழுதாத துண்டுத்தாளில் கேள்விகளை எழுதிப் பெட்டியில் போடலாம். மிக்தாத் (ரலி) அவர்களின் வேலையை அந்தப் பெட்டி செய்கிறது. முதல் வாரம் ஒரு தாளும் வரவில்லை. இரண்டாம் வாரம் ஏழு வந்தன. அவற்றில் இரண்டு, நாமும் அந்த வயதில் யாரிடமாவது கேட்க நினைத்து, கேட்காமலே விட்டவை.

மறைக்க வேண்டியதை மறைக்கவும், சொல்ல வேண்டியதைச் சொல்லவும், இரண்டையும் பிரித்தறியவும் வல்ல இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.